விரத நாளில் குத்தாத விரல்

"திருடன் வீட்டுக்குள்ளதான் இருக்கான் சாமி" என்றார் கோமதிநாயகம்.

மாசிலாமணி சாமி கிணற்றடியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்ன களவு போச்சு அண்ணாச்சி?"

"போகல சாமி. வந்து சேருது. யாரோ என் சாப்பாட்டுல சீனி கலக்காவ."

"யாரு?"

கோமதிநாயகம் ஒருமுறை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பிரமுதான்."

பிரமு அவருடைய மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அவருக்குச் சமைத்துப் போடுகிறவள். அவள் பேரைச் சொல்லும்போது அவருக்கே நாக்குக் கூசியது. ஆனாலும் சொல்லிவிட்டார். பயம் வந்துவிட்டால் மனிதன் யாரை வேண்டுமானாலும் சந்தேகப்படுவான், பக்கத்தில் இருப்பவரை முதலில்.

கோமதிநாயகத்துக்குச் சந்தேகப்படச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கழிப்பறைக்குள் ஒளிந்திருப்பவனையும், போர்வையை இழுத்து மூடித் தூங்குவதுபோல் நடிப்பவனையும் மோப்பம் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒரே ஒரு வகை ஆட்களிடம் மட்டும் அவர் டிக்கெட் கேட்டதில்லை. காவி கட்டியவர்களைக் கண்டால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

அப்படித்தான் ஒருநாள் செங்கோட்டை வண்டியில் ஒரு இளவயதுச் சாமியாரைக் கும்பிட்டுவிட்டுத் தாண்டிப் போனார். பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"சாமிமார்கிட்ட நான் கேக்கிறதில்ல."

"கேளுங்க."

கோமதிநாயகம் சங்கடத்தோடு கேட்டார். "டிக்கெட் இருக்கா சாமி?"

"இல்ல. கடைசி நேரத்துல ஓடி வந்து ஏறிட்டேன். அபராதம் போடுங்க."

பெட்டி முழுக்க வேடிக்கை பார்த்தது. கோமதிநாயகம் ரசீது எழுதினார். ஓய்வு பெற்றதும் அவர் முதலில் செய்த காரியம், அந்தச் சாமியாரை விசாரித்துக்கொண்டு தென்காசிப் பக்கம் சிற்றாற்றங்கரை மடத்துக்கு வந்ததுதான். மடத்தை ஒட்டிய தெருவிலேயே வீடு பிடித்துக் குடியேறினார். பத்து வயதுக்கு மேல் இளையவரைக் குருவாக ஏற்றுக்கொண்டார். குருவோ அவரை இன்றுவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்.

அந்தச் சாமிதான் இப்போது கீரைத்தண்டை ஒடித்தபடி கேட்டார்.

"கால் எப்படி இருக்கு?"

கோமதிநாயகம் இடது காலை முன்னால் நீட்டினார். பெருவிரலில் கட்டு. கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடு சுற்றும்போது குத்திய ஏதோ ஒரு சின்னக் கல். குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. புண்ணைக் காட்டப் போன இடத்தில்தான் சர்க்கரை வியாதி என்று சொன்னார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் ஆகியும் புண் ஆறவில்லை, ஓரம் கறுக்க ஆரம்பித்துவிட்டது.

"டாக்டரம்மா கெடு வச்சிட்டாவ சாமி. அடுத்த வாரம் வரணுமாம். சர்க்கரை இறங்கியிருந்தா மருந்துல ஆறுமாம். இல்லன்னா விரலை எடுக்கணுமாம். விரலோட நின்னா சரி, மேல ஏறிட்டா பாதமே போயிருமாம்."

சொல்லிவிட்டு நீட்டிய காலையே பார்த்தார். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்குப் பெட்டி நடந்து பிழைத்த மனிதர். கால் இல்லாத தன்னை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"சீனியை விட்டேன், வெல்லத்தை விட்டேன், பழத்தை விட்டேன். பேரன் பிறந்தநாள் பாயசத்தை மோந்துகூடப் பாக்கல. அதுக்கு மேல விரதம் வேற இருக்கேன். சோமவாரம், பிரதோஷம், சஷ்டி, கிருத்திகை, ஒண்ணையும் விடுறதில்ல. விரதம் இருந்த மறுநாள் காலைலதான் சாமி ரொம்ப ஏறுது! பட்டினி கிடந்தவனுக்குச் சர்க்கரை ஏறுமா? யாராவது கலக்காம எப்படி ஏறும்?"

மாசிலாமணி சாமி ஆய்ந்த தண்டுகளை ஒதுக்கினார். கீரையை அள்ளிக்கொண்டு எழுந்தார்.

அதற்குள் பிரமுவே வந்துவிட்டாள். எவ்வளவு நேரமாக வாசலில் நின்றாளோ தெரியாது. முகம் சிவந்திருந்தது.

"சாமிகிட்டயும் சொல்லியாச்சா? நல்லது. இதையும் சொல்லுங்க. சீனி டப்பாவைப் பூட்டிட்டுச் சாவிய அரைஞாண் கயித்துல கட்டிட்டு அலையுதிய. எனக்கு ஒரு வாய் காப்பிக்குச் சீனி வேணும்னா உங்க முன்னால கையைக் கட்டிட்டு நிக்கணும். அதையும் சொல்லுங்க."

கோமதிநாயகத்தின் கை தன்னை அறியாமல் இடுப்புக்குப் போயிற்று. சாவி அங்கே இருந்தது.

"பட்டினி கிடக்கிற மனுஷன்னு பாத்துப் பாத்துச் செஞ்சேன் சாமி" என்றாள் பிரமு. குரல் உடைந்தது. "சீனிய நான் தொட்டதே இல்ல. என்னைக் களவாணின்னு சொன்ன வாய்க்கு இனி நான் ஆக்கிப் போட மாட்டேன். அக்கா வீட்டுக்குப் போறேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போற நாள் வரைக்கும் பொறும்மா" என்றார் சாமி. "அண்ணாச்சி அதுவரைக்கும் இங்க சாப்பிடட்டும். நான் சமைக்கேன்."

கோமதிநாயகத்துக்கு அப்பாடா என்றிருந்தது. மடத்தில் சீனியும் கிடையாது, வெல்லமும் கிடையாது. இனி திருடன் அகப்பட்டுக்கொள்வான்.

அன்றிலிருந்து அவர் மடத்துச் சமையல்கட்டு வாசற்படியை விட்டு நகரவில்லை. காலை நீட்டிக்கொண்டு காவல் இருந்தார். சாமி கீரை கடைந்தார், அவரைக்காய் வதக்கினார், பாசிப்பயறு வேகவைத்தார், கொஞ்சமாகச் சோறு வைத்தார். சாப்பிட்டுச் சரியாக இரண்டு மணி நேரம் கழித்து கோமதிநாயகம் மஞ்சள் பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்து விரலில் குத்திப் பார்த்தார். எண் ஒழுங்காக இருந்தது.

"பாத்தியளா சாமி!" என்றார். பாதி சந்தோஷம். மீதி, பிரமுவின்மேல் இருந்த சந்தேகம் உறுதியாகிவிட்டதே என்ற கசப்பு. அந்தக் கசப்புக்குள் ஒரு துளி வெற்றியும் இருந்தது. அதை அவர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

சோமவாரம் வந்தது.

"உங்க விரதத்துக்கு என்னென்ன செய்யணும், சொல்லுங்க. அதையே செய்யுதேன்" என்றார் சாமி.

"விரதம்னா சோறு ஆகாது சாமி. பகல் முழுக்கப் பட்டினி. பொழுது சாஞ்சு பலகாரம்தான். ஜவ்வரிசி உப்புமா, கொஞ்சம் தளதளன்னு. மரவள்ளிக் கிழங்கு அவிச்சது. ரெண்டு இட்லி... நாலு வச்சாலும் தப்பில்ல, பகல்ல ஒண்ணும் சாப்பிடலைல்லா."

சாமி தலையாட்டினார். சொன்னபடியே செய்தார். கோமதிநாயகம் கண் இமைக்காமல் பார்த்தார். கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சை மிளகாய், உப்பு. இனிப்பென்று எதுவும் சட்டிக்குள் போகவில்லை. விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலையில் குத்திப் பார்த்தார். இருநூற்று எண்பது.

மெஷினைத் துடைத்துவிட்டு இன்னொரு விரலில் குத்தினார். அதே எண்தான்.

கோமதிநாயகம் மெஷினைப் பையில் போட்டார். பிரமு இந்த மடத்துக்குள் கால் வைக்கவில்லை. சமைத்தவர் ஒருவர்தான். அந்த ஒருவர் முற்றத்தில் அமைதியாகத் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

சீச்சீ என்று தன்னையே அதட்டினார். ஆனால் ஒருமுறை நுழைந்த சந்தேகம் போகுமா? சாமி ஆற்றுக்குக் குளிக்கப் போனதும் நொண்டிக்கொண்டே சமையல்கட்டுக்குள் போனார். பானைகளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். ஒரு ஜாடியில் வெள்ளையாக ஏதோ இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்புதான் அண்ணாச்சி."

ஈர வேட்டியோடு சாமி வாசற்படியில் நின்றார்.

கோமதிநாயகத்துக்கு உடம்பு குன்றிப்போயிற்று. எத்தனை பேரைக் கையும் களவுமாகப் பிடித்தவர்! இன்று நாக்கில் உப்போடு அகப்பட்டு நின்றார்.

"என்கிட்ட எதுவும் கேக்கணுமா?" என்றார் சாமி.

"உங்ககிட்டயா? சேச்சே, என்ன சாமி இது!"

"சரி" என்று சொல்லிவிட்டு சாமி ஈர வேட்டியைப் பிழிய ஆரம்பித்தார்.

அடுத்தடுத்த நாட்கள் மோசமாகப் போயின. விரலில் கறுப்பு கூடியது. கட்டை அவிழ்த்தால் லேசாக வாடை அடித்தது. கோமதிநாயகம் பேச்சைக் குறைத்தார். சாமி இலையில் போட்டதைத் தலை குனிந்து சாப்பிட்டார். ஒவ்வொரு வாயும் சந்தேகத்தோடு இறங்கியது. இந்தக் கையை நம்பாவிட்டால் உலகத்தில் வேறு எந்தக் கையை நம்புவது என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளுக்கு முதல் நாள் கிருத்திகை.

அன்றும் இருவரும் பகல் முழுக்கப் பட்டினி. அன்றும் அதே பலகாரம். இலையை எடுத்துப் போட்டுவிட்டு வந்தபோது பிரமு முற்றத்து ஓரத்தில் நிற்பதைப் பார்த்தார். நாளைக்குக் கூடப் போக வேண்டுமே என்று வந்திருந்தாள். ஆனால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் சாமியோடு தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். நேரம் போயிற்று.

"அண்ணாச்சி, மெஷினை எடுங்க" என்றார் சாமி.

"எதுக்கு?"

"குத்திப் பாப்போம்."

கோமதிநாயகம் பதறினார். "இன்னைக்கா? கிருத்திகை சாமி! விரத நாள்ல நகம்கூட வெட்டக் கூடாது. ரத்தம் சிந்தலாமா? விரதமே கெட்டுப்போகும்லா."

"எந்த விரத நாளும் குத்தினதில்லையா?"

"ஒரு நாளும் இல்ல" என்றார் கோமதிநாயகம். அந்த வலியிலும் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னார்.

சாமி மஞ்சள் பையை இழுத்துத் திறந்தார். ஊசியை மாட்டினார். தன் விரலை நீட்டிச் சுருக்கென்று குத்திக்கொண்டார். சிவப்பாக ஒரு துளி எழும்பியது.

"ஐயோ சாமி!" பிரமு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சாமி அந்தத் துளியை மெஷினின் பட்டையில் தொட்டார். எண் வந்தது. சாதாரண எண்.

"என் விரதம் போயிட்டு" என்றார். புது ஊசியை மாட்டினார். "இப்போ உங்க விரலைக் கொடுங்க."

கோமதிநாயகம் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். குருவின் விரல்நுனியில் ரத்தம் இன்னும் காயவில்லை. அதைப் பார்த்தார். பிரமு தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதையும் பார்த்தார். கடைசியில் கை தானாக முன்னால் வந்தது.

முந்நூற்று அறுபது.

மூன்று பேரும் அந்த எண்ணையே பார்த்தார்கள்.

"ஒரே சட்டிதான" என்றார் கோமதிநாயகம் கம்மிய குரலில். "நீங்களும் அதைத்தான சாப்பிட்டிய? எனக்கு மட்டும் எப்படி? இதுல இனிப்பே இல்லையே சாமி!"

சாமி எழுந்து உள்ளே போனார். அவித்த மரவள்ளிக் கிழங்கில் மீந்த ஒரு சின்னத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"வாயில போடுங்க. முழுங்காதிய. நான் சொல்லுற வரைக்கும் மென்னுகிட்டே இருங்க."

கோமதிநாயகம் மென்றார். ஒரு ருசியும் இல்லாமல் மாவாக இருந்தது. கேள்வியோடு சாமியைப் பார்த்தார். சாமி கண்ணை மூடிக்கொண்டார். கோமதிநாயகம் மேலும் மென்றார். தாடை வலித்தது. கிழங்கு கரைந்து கூழாயிற்று. திடீரென்று அவருடைய தாடை நின்றது.

நாக்கின் ஓரத்தில் லேசாக இனித்தது.

யாரும் எதையும் கலக்கவில்லை. அவர் வாய்க்குள்ளேதான் இனிப்பு வந்தது. கோமதிநாயகம் எழுந்து போய்த் துப்பினார், வாயைக் கொப்பளித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். திரும்பிப் பிரமுவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பிரமுதான் கிட்டே வந்தாள்.

"காப்பியே பிடிக்கல. ஒரு வாரமா சீனி இல்லாமதான் குடிக்கேன்" என்றாள்.

அவர் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இறுகிக் கிடந்தது. அவளே குனிந்து அவிழ்த்துக்கொண்டாள்.

மறுநாள் டாக்டரம்மா கட்டைப் பிரித்து நெடுநேரம் பார்த்தார். கோமதிநாயகம் விரத நாட்களைச் சொன்னார். பலகாரத்தையும் ஒன்று விடாமல் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சீனியை மட்டும் பாத்துட்டிருந்தீங்களா? ஜவ்வரிசியும் கிழங்கும் இட்லியும் உள்ள போய் எல்லாம் அதேதான் ஆகுது. அதுவும் பகல் முழுக்கப் பட்டினி கிடந்துட்டு ஒரே நேரத்துல இவ்வளவா?"

"விரலு?" என்றாள் பிரமு.

டாக்டர் மறுபடியும் புண்ணைப் பார்த்தார். "மேல ஏறல. ஊசி மருந்து போடறேன். தினமும் வந்து கட்டு மாத்திக்கணும். இன்னும் ஒரு வாரம் பாப்போம். அதுக்கு மேல என்கிட்ட கெஞ்சாதீங்க."

அந்த ஒரு வாரம் கோமதிநாயகம் பழைய பரிசோதகராக மாறினார். எதையும் விடவில்லை. இட்லியைச் சோதித்தார். இடியாப்பத்தைச் சோதித்தார். உடம்புக்கு நல்லது என்று ஊரே சொல்கிற கேழ்வரகுக் கூழைச் சோதித்தார், அதுவும் எகிறியதைப் பார்த்துத் திகைத்தார். அவலைப் பிடித்தார். சுண்டலும் கீரையும் மட்டும் சாதுவாக இருந்தன. சோறுகூட, காய் நிறைய வைத்துக் கொஞ்சமாகச் சாப்பிட்டால் அடங்கித்தான் இருந்தது. சஷ்டி வந்தது. விரதத்தை நிறுத்தச் சொல்லியிருந்தார் டாக்டர். அன்றைக்கும் குத்தினார். பிரமு பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் கட்டைப் பிரிக்கும்போது கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டார்.

வாரக் கடைசியில் டாக்டர் சொன்னார். "ஓரம் காய ஆரம்பிச்சிருக்கு. விரலை எடுக்கிறதப் பத்தி இப்போ பேச வேண்டாம்."

பஸ்ஸை விட்டு இறங்கியவர் வீட்டுக்குப் போகவில்லை. நேராக மடத்துக்கு வந்தார். பிரமுவும் பின்னாலேயே வந்தாள்.

பூஜை முடிந்திருந்தது. மாசிலாமணி சாமி திருநீறு கொடுத்தார். பிறகு வாழையிலைத் துண்டில் ஒரு பிடி வெண்பொங்கல் பிரசாதம் வைத்து நீட்டினார். கோமதிநாயகம் இரண்டு கையாலும் ஏந்தி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வாய் வரைக்கும் கொண்டுபோன கை பாதியில் நின்றது.

தோளில் மஞ்சள் பை தொங்கியது. அவர் பையைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். குருவின் முகத்தைப் பார்த்தார்.

"சாமி, தப்பா நினைக்கக் கூடாது" என்றார் மெதுவாக. "மத்தது எல்லாத்தையும் குத்திப் பாத்துட்டேன். இது உங்க கையால தந்தது. இதையுமா சோதிச்சுப் பாக்கணும்?"

சாமி சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, அன்னைக்குச் செங்கோட்டை வண்டியில டிக்கெட் இல்லாம வந்தது யாரு?"